தஹேஜில் இருக்கும் மாப்ளைக்கு, ஸ்ட்ரெய்னர் (பைப் லைன் வடிகட்டி) விஷயமாக

கடலூர் முதுநகர்

அன்பு மாப்ளைக்கு,

மெயில் பார்த்தேன். மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் ஆன சேதியைக் கடைசி வரியில் ஒளித்து வைத்து எழுதியிருக்கிறாயே, அந்தக் குணம் மட்டும் உனக்கு மாறவே இல்லை. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் சந்தோஷத்தைச் சொல்லு. குஜராத்தில் பருப்பில் சர்க்கரை போடுகிறார்கள் என்ற புலம்பலை இதோடு நிறுத்திக்கொள். சம்பளம் ஏறியவன் புலம்பினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை எழுத்து விடாமல் படித்துவிட்டு எனக்கே சேதி சொல்கிறார். உன் மருமகள் பன்னிரண்டாவது. கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கட்டுமா என்று கேட்கிறாள். உப்பனாற்றுக் கரையில் இத்தனை வருஷம் அந்த வாடையிலேயே இருந்தவன் நான் என்ன சொல்ல? உன்னிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆடிட்டுக்கு வந்தவர் எல்லா ஸ்ட்ரெய்னரையும் மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார், புரொடக்‌ஷன்காரன் லைனை நிறுத்தவே விடமாட்டேன் என்கிறான், நடுவில் நான் மாட்டிக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். இதில் ஆடிட்டர் சொன்னதும் சரியில்லை, புரொடக்‌ஷன்காரன் சொல்வதும் சரியில்லை. தேதி பார்த்துக் கழற்றினால் ஒரு வருஷம் சுத்தமாக இருக்கக்கூடிய ஸ்ட்ரெய்னரையும் பன்னிரண்டு தடவை திறப்பாய். ஒவ்வொரு தடவையும் ஒரு கேஸ்கட் போகும், ஒரு போல்ட் மரை போகும், ஒருவன் மூடியைக் கோணலாக மாட்டுவான். அதே நேரம் நாலே நாளில் அடைக்கிற ஸ்ட்ரெய்னர் மீதி மாதம் முழுக்க பம்ப்பைக் கொன்றுகொண்டிருக்கும். எதை எப்போது திறப்பது என்பதை, ஸ்ட்ரெய்னருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டுகிற டிபி கேஜ் சொல்லட்டும்.

ஆனால் டிபியைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எங்கள் லாக் ஷீட்டில் ஒரு ஷிஃப்ட் விடாமல் '0.2 பார்' என்று அழகாக எழுதி வந்தார்கள். பகலில் ஃபுல் லோடு, ராத்திரியில் பாதி லோடு, இரண்டிலும் அதே 0.2. ஓட்டம் இரட்டிப்பானால் அழுத்த இழப்பு கிட்டத்தட்ட நாலு மடங்காகும். அப்படியென்றால் ராத்திரி பார்த்த 0.2, ஃபுல் லோடில் 0.8 ஆக இருக்க வேண்டும். பகலிலும் 0.2 வந்தால் ஒன்று கேஜ் செத்திருக்கிறது, இல்லை ஆபரேட்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கள் இடத்தில் இரண்டுமே! இப்போது டிபிக்குப் பக்கத்திலேயே ஃப்ளோ எழுத ஒரு கட்டம் போட்டுவிட்டேன். நீயும் முதல் வேலையாக ஒவ்வொரு ஸ்ட்ரெய்னரிலும் உள்ளே அழுக்குப் பிடிக்கிற கூடையை, அதான் பாஸ்கெட்டை, சுத்தமாகப் போட்டு, ஃபுல் ஃப்ளோவில் டிபி எவ்வளவு என்று பார்த்து, பெயின்ட்டால் பாடியிலேயே எழுதி வை. அது இரண்டு மூன்று மடங்காகும்போது கழற்று. பாஸ்கெட் எவ்வளவு தாங்கும் என்று மேக்கர் கொடுத்திருக்கும் கணக்கைத் தாண்ட விடாதே.

டிபி ஏறினால் எல்லாரும் பதறுகிறார்கள். எனக்கு அது திடீரென்று இறங்கினால்தான் பயம். ஏறிக்கொண்டே வந்த முள் ஒரே ராத்திரியில் கீழே விழுந்தால் ஸ்ட்ரெய்னர் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. மெஷ் கிழிந்திருக்கும், அல்லது பாஸ்கெட் சீட்டில் உட்காராமல் தூக்கிக்கொண்டிருக்கும். அழுக்கு பக்கவாட்டில் நழுவி, அடுத்து இருக்கிற பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் உட்காரும். பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். அதை அவிழ்த்துக் கழுவும் செலவில் பத்து பாஸ்கெட் வாங்கலாம்.

அடுத்தது உன் பம்ப் சீல், தண்டு ஓரமாகத் திரவம் கசியாமல் அடைக்கிறதே, அது. ஒரே பம்ப்பில் சீல் மறுபடி மறுபடி போகிறது, சீல் கம்பெனியோடு சண்டை நடக்கிறது என்கிறாய். சண்டையை ஓரமாக வை. பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில் இருக்கிற சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரில் என்ன மெஷ் என்று போய்ப் பார். நல்லா வடிகட்டட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் அங்குலத்துக்கு நூறு கண் உள்ள 100 மெஷ் போட்டிருப்பான் என்பது என் சந்தேகம். அதில் ஒரு கண் ஏறக்குறைய 150 மைக்ரான், அதாவது 0.15 மில்லிமீட்டர். சக்‌ஷனில் அவ்வளவு சின்னக் கண் கூடாது. அங்கே ஸ்ட்ரெய்னர் வைப்பது கல், போல்ட், வெல்டிங் கட்டி போய் பம்ப்புக்குள் சுழல்கிற இம்பெல்லரை உடைக்காமல் இருக்கத்தான். பெரிய ஓட்டைத் தகடோ, முரட்டு மெஷ்ஷோ போதும். பொடி வடிகட்ட வேண்டுமானால் டிஸ்சார்ஜ் பக்கம் வை; அங்கே தள்ளுவதற்குப் பிரஷர் இருக்கிறது. சக்‌ஷன் அடைத்தால் பம்ப்புக்குத் திரவம் போதாது, இம்பெல்லர் கண்ணில் ஆவிக் குமிழி கிளம்பி, உள்ளே போய் உடையும். பக்கத்தில் நின்றால் கூழாங்கல்லை அரைக்கிற சத்தம் கேட்கும். சீல் முகம் காய்ந்து ஓடும். அப்புறம் எந்த சீல் போட்டாலும் நிற்காது. ஸ்ட்ரெய்னருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு காம்பவுண்ட் கேஜ் மாட்டு. சாதாரண கேஜ் வேண்டாம், பிரஷர் வளிமண்டலத்துக்குக் கீழே போனால் அதில் பூஜ்யம்தான் தெரியும்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். நம் ஆட்கள் பாஸ்கெட்டை வெளியே எடுத்த உடனே ஹோஸைப் பிடித்துப் பீய்ச்சி, அழுக்கெல்லாம் காவாயில் போன பிறகு, 'சார், ஸ்ட்ரெய்னர் க்ளீன்' என்று வந்து நிற்கிறார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம். நான் இப்போது வெள்ளை எனாமல் தட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பாஸ்கெட்டில் இருப்பதை முதலில் அதில் கொட்ட வேண்டும். நான் பார்க்காமல் தண்ணீர் படக்கூடாது.

போன மழைக்காலத்தில் கூலிங் வாட்டர் லைன் பாஸ்கெட்டைத் தட்டில் கவிழ்த்தோம். மேலே சேறும் பாசியும். அதைக் குச்சியால் விலக்கினால் கருப்பாகச் செதில் செதிலாக ஏதோ. பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு காந்தத்தைப் போட்டு மேலே ஓட்டினேன். பாதி ஒட்டிக்கொண்டு வந்தது. துரு. பைப் உள்ளே தின்னப்படுகிறது என்று தெரிந்துவிட்டது, கெமிக்கல் டோசிங்கைப் பார்க்கச் சொன்னேன். ஒட்டாத மீதியில் நகம் நகமாகக் கருப்புப் பிளாஸ்டிக் துண்டு, கூலிங் டவருக்குள் தண்ணீர் வழிகிற பிளாஸ்டிக் அடுக்கு, அந்த ஃபில், உதிர்கிறது. இன்னொரு நாள், தண்ணீரின் கடினத்தன்மையை நீக்குகிற சாஃப்ட்னருக்குப் பிறகு இருக்கிற, Y எழுத்து வடிவச் சின்ன ஒய் ஸ்ட்ரெய்னரில் தேன் நிறத்தில் கடுகை விடச் சின்ன உருண்டைகள். ஃபிட்டர் பையன் மணல் என்றான். மணலாவது! விரலில் உருட்டினால் பாசிமணி மாதிரி ஓடுகிறது. அத்தனையும் சாஃப்ட்னருக்குள் இருக்க வேண்டிய ரெசின். வெசல் அடியில் நாசில் உடைந்து ரெசின் வெளியே வருகிறது. கழுவி மூடியிருந்தால், சாஃப்ட்னர் காலியான பிறகு பாய்லரில் உப்புப் படிந்துதான் கண்டுபிடித்திருப்போம்.

கடல் தண்ணீர் எடுக்கிற லைனில் படகு அடியில் ஒட்டுமே அந்தக் கொட்டலசு ஓடு வர ஆரம்பித்தால், இன்டேக் பக்கம் குளோரின் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். நீயும் கடற்கரை ஊரில்தான் இருக்கிறாய், உனக்கு உதவும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்து பெண்ணையாறு ஊருக்குள் வந்ததே, அந்த மாதிரி நேரத்தில் டிபியும் கிடையாது, அட்டவணையும் கிடையாது. வண்டல் வரும் நாட்களில் ஷிஃப்டுக்கு ஒரு தடவை மாற்றுவதற்கு ஸ்பேர் பாஸ்கெட் கையில் இருக்க வேண்டும். அவசரத்தில் அதே பாஸ்கெட்டைக் கழுவி மாட்டினால்தான் வயர் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்து மெஷ்ஷைக் கிழிக்கிறார்கள். வெளிப்பக்கமிருந்து உள்ளே தண்ணீர் அடித்து, வெயிலில் தூக்கிப் பிடித்து ஓட்டை பார்க்கச் சொல்லு.

ஸ்டீம் லைனைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஒய் ஸ்ட்ரெய்னரில் மெஷ் இருக்கிற கால், தண்ணீர் லைனில் கீழே பார்க்கலாம், ஸ்டீமில் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். கீழே தொங்கினால் ஸ்டீம் குளிர்ந்து வந்த தண்ணீர், அதான் கண்டன்சேட், அதில் தேங்கி, ஒரு நாள் ஸ்டீம் அதைத் தூக்கிக்கொண்டு போய் வால்வில் அடிக்கும். உன் பிளான்ட்டை ஒரு சுற்று சுற்றி வா, எத்தனை தொங்குகிறது என்று எழுது.

திறக்கிறபோது ஜாக்கிரதை, மாப்ள. கேஜ் பூஜ்யம் காட்டினால் உள்ளே பூஜ்யம் என்று நம்பாதே. கேஜுக்குப் போகிற சின்ன வழியான டேப்பிங்கும் அழுக்கில் அடைக்கும், ட்ரெயினும் அடைக்கும். அழுக்கு சேருகிற இடமே அதுதானே. இங்கே ஒரு கம்பெனியில், பேர் வேண்டாம், ட்ரெயினில் ஒன்றும் வரவில்லை, காலியாகிவிட்டது என்று நினைத்துக் காஸ்டிக் சோடா லைன் மூடியைக் கழற்றிய கான்ட்ராக்ட் பையனுக்கு முகத்தில் அடித்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் பார்வை தப்பியது. இரண்டு பக்கமும் ஐசொலேட் பண்ணிப் பூட்டு, வென்ட்டைத் திற, ஆளுக்கு எதிர்ப்பக்கப் போல்ட்டை முதலில் இளக்கு, எதையும் முழுசாகக் கழற்றாமல் மூடியை லேசாக அசைத்துப் பார். டொலுயின் மாதிரி சால்வென்ட் என்றால் எர்த்திங் இல்லாமல் தொடாதே, பாஸ்கெட்டைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் வைத்து அலசவும் விடாதே. இரும்பு சல்ஃபைடு படிகிற லைன் இருந்தால் அழுக்கை ஈரமாகவே வை, காய்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும்.

கடல் காற்றில் மூடி போல்ட் இறுகிப்போவது இங்கே தீராத வியாதி. எட்டு போல்ட்டில் நாலை மட்டும் மாட்டிவிட்டு வருகிற பழக்கம் அதனால்தான் வருகிறது. ஆன்டி-சீஸ் தடவ வை, எட்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகு பெர்மிட்டை மூடு.

நிறுத்தவே முடியாத லைனுக்கு, ஒன்று ஓடும்போது இன்னொன்றைத் திறக்கிற மாதிரி இரண்டு சேம்பர் உள்ள டூப்ளெக்ஸ் ஸ்ட்ரெய்னர் கேள். பணம் இல்லை என்பார்கள். சீல் பில்லை மேஜையில் வை. டூப்ளெக்ஸ் வந்துவிட்டால் அடுத்த சேம்பரை மெதுவாக நிரப்பிக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காற்று நேரே பம்ப்புக்குப் போகும்.

அந்த சக்‌ஷன் மெஷ் என்ன நம்பர் என்று பார்த்து எழுது. சீல் போன தேதிகளையும் அன்றைய லோடையும் அனுப்பு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். முக்கியமாக, கழுவுவதற்கு முன்னால் தட்டில் கொட்டி ஒரு போட்டோ. மாசி மகத்துக்கு லீவு கிடைத்தால் வா, தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக்கு எல்லாரும் போகலாம். டிக்கெட் போட்டதும் சொல்லு, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்