“நிழல் உங்களுக்கு, சருகு எங்களுக்கு” என்று சொன்ன அக்காவுக்கும், அன்று வந்திருந்த எல்லோருக்கும்

வணக்கம்.

ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை, வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் ஒரு சமுதாயக்கூடத்தில் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மரம் வளர்க்கும் குழுக்கள் கூடினோம். தெருவில் குடியிருப்பவர்களையும் பிழைப்பு நடத்துகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு மரம் வளர்ப்பது எப்படி என்பதுதான் அன்றைய பேச்சு. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், திருமங்கலம், திருப்பரங்குன்றம் என்று நாலா திசையிலிருந்தும் வந்திருந்தீர்கள். பாய் சுருட்டும்போதே ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டதால் அவசரமாகக் கலைந்துவிட்டோம். விட்டுப்போன நன்றியை இங்கே சொல்கிறேன்.

முதல் நன்றி எங்களை வாயடைக்க வைத்த அக்காவுக்கு. அவர் தூய்மைப் பணியாளர். விடிகாலை வேலையை முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், அதே சீருடையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எத்தனை கன்று வைத்தோம் என்று சொல்லி முடித்த பிறகு எழுந்தார். “வர்றீங்க, குழி தோண்டுறீங்க, போட்டோ எடுத்துட்டுப் போயிர்றீங்க. நிழல் உங்களுக்கு, சருகு எங்களுக்கு. மாசி பங்குனியில வேம்பு கொட்டுறப்ப ஒரு தெருவுக்கு எத்தனை சாக்கு அள்ளுறோம்னு யாராச்சும் கேட்டிருக்கீங்களா? நேரத்துக்குள்ள அள்ளி முடியல, அதனாலதான் மரத்து மூட்டுலயே குமிச்சுக் கொளுத்துறோம். வைக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட யாரு கேட்டா?”

கூடத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மரத்தடியில் தீ வைப்பதைப் பற்றி நாங்கள் வருடக்கணக்காகப் புகார் எழுதி வந்தவர்கள். அடிமரத்துப் பட்டை வெந்தால் இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழி அடைபட்டு, மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியவர்கள். கொளுத்துகிறவர் ஏன் கொளுத்துகிறார் என்று ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. அக்கா, உங்கள் கேள்விக்கு அன்றே முழுப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. ஆனால் உங்கள் பகுதியில் 2 தெருக்களுக்குச் சருகுக்குழி தோண்ட இடம் பார்த்தாயிற்று. மாசி பிறந்ததும் எங்கள் ஆட்கள் சாக்கோடு வந்து நிற்பார்கள். மக்கிய உரத்தில் முதல் கூடை உங்கள் வீட்டு ரோஜாச் செடிக்கு.

அடுத்து, தேய்ப்பு வண்டி அண்ணனுக்கு. இதை எழுதுவதற்கு முன் எங்கள் குழுவின் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு வாய்க்கால் கரைச் சாலையில் 40 கன்றுகள் வைத்தோம். புங்கை, வேம்பு, நாவல், பூவரசு. கம்பிக் கூண்டும் போட்டோம். அடுத்த கோடை முடிந்து எண்ணிப் பார்த்தபோது 11 தான் உயிரோடு இருந்தன. மற்றதெல்லாம் ஆடு மாடு தின்றது என்று நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டோம். கூடுகைக்காக அந்த 11 மரங்களும் எங்கே நிற்கின்றன என்று மறுபடி நடந்து போய்ப் பார்த்தோம். டீக்கடை வாசலில் 3, ஆட்டோ ஸ்டாண்டில் 2, பால் பூத்துக்கு எதிரே 1, திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டும் ஆத்தா வீட்டு முன் 2, இந்த அண்ணன் வண்டி நிறுத்தும் இடத்தில் 3. யார் கண்ணும் படாத இடத்தில் ஒன்றுகூட இல்லை.

அண்ணன் அன்று பேசியது சில வார்த்தைதான். “யாரு வச்ச செடின்னு எனக்குத் தெரியாது. வாடிக் கெடந்துச்சு, ஊத்துனேன். சொல்லியிருந்தா இன்னும் நாலஞ்சுக்குச் சேர்த்து ஊத்தியிருப்பேன்ல.” அந்தச் சாலையில் 29 கன்றுகள் செத்ததற்கு நாங்கள் யாரிடமும் சொல்லாமல் போனதுதான் சரியான காரணம். ஆட்டின் மேல் பழி போட்டது எங்கள் பிழை. அண்ணே, ரொம்ப நன்றி. இனிமேல் எங்கள் குழு ஒரு தெருவில் குழி வெட்டுவதற்கு முன், அங்கே பகல் முழுக்க யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியை எடுக்கும். மதுரை வெயிலில் முதல் இரண்டு கோடை தாண்டிவிட்டால் வேம்பும் புங்கையும் தானாகப் பிழைத்துக்கொள்ளும். அந்த இரண்டு கோடைக்குத்தான் ஆள் வேண்டும். 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியபோது மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவது என்று இலக்கு வைத்தார்கள். அந்தச் சதவீதமெல்லாம் எனக்கு இப்போது அண்ணனின் பிளாஸ்டிக் வாளியாகத்தான் கண்ணில் தெரிகிறது.

மின்வாரியத்தில் வயர்மேனாக இருக்கும் தம்பிக்கும் நன்றி. திட்டு வாங்கத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துத் தயங்கித் தயங்கி வந்தவர். “லைனுக்குக் கீழயே வாகையை வைக்கிறீங்க. அது வளர்ந்து கம்பியைத் தொட்டா வெட்டுறது எங்க வேலை. வெட்டுனா எங்களைத்தான் ஏசுறீங்க. வைக்கிறப்ப ஒருவாட்டி தலையைத் தூக்கிப் பாருங்கண்ணே” என்றார். கம்பிக்குக் கீழே மந்தாரை, பவளமல்லி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை. கம்பி இல்லாத பக்கம் வாகை, நாவல், இலுப்பை என்று தெருவை இரண்டாகப் பிரித்துக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அந்தப் படத்தைப் பல குழுக்கள் எழுதிக்கொண்டு போயிருக்கின்றன. சோழவந்தான் பிள்ளைகள் கைபேசியில் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

ஜவுளிக்கடைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். கடைப் பலகையை மரம் மறைக்கிறது என்று மனதில் இருந்ததை மறைக்காமல் சொன்னார். இதைச் சொல்லத் துணிவு வேண்டும், அதுவும் மரக்காரர்கள் இத்தனை பேர் நடுவில். சொல்லாதவர்கள்தான் ராத்திரியில் வேரில் உப்பையும் அமிலத்தையும் ஊற்றுகிறார்கள். கீழ்க்கிளைகளை மட்டும் வருடம் ஒருமுறை முறையாகக் கழித்து, பலகைக்கு மேலே தலை விரிய விடலாம் என்று பேசி முடிவாயிற்று. ஐயா, உங்கள் வாசல் புங்கை இந்தச் சித்திரையில் எத்தனை பேருக்கு நிழல் தந்தது என்பதை நீங்களே சொன்னீர்கள். அழகர் வருகிற நாளில் உச்சி வெயிலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற ஜனத்துக்கு அதைவிடப் பெரிய மண்டகப்படி வேறில்லை.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஐயா எங்களைக் கூடத்துக்கு வெளியே அழைத்துப்போய், வேம்பு ஒன்றின் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிக் காட்டினார். தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஓரிரு அடிக்குள்தான் இருக்கின்றன, கிளை படர்ந்திருக்கும் எல்லையையும் தாண்டிப் போகின்றன என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தோம். அடிமரத்தை ஒட்டி பேவர் பிளாக் பதித்துவிட்டு, நடுவில் சாண் அகலத்துக்கு மண்ணை விட்டிருக்கிறோமே என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை என்று புரிந்தது. மூச்சு முட்டி நிற்கிற மரம்தான் அடுத்த ஆடிக்காற்றில் சாய்கிறது. எங்கள் பகுதியில் நடைபாதை வேலைக்கு ஒப்பந்தம் எடுத்த ஒருவர் கடந்த வருடம் ஒரே வரிசையில் 6 மரங்களின் வேரை இயந்திரத்தால் அறுத்துவிட்டுப் போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐயாவின் பள்ளத்தை அவருக்கும் காட்டியிருக்க வேண்டும்.

மேலூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சாலையோரப் புளியமரங்களுக்குக் கருப்பு வெள்ளைப் பட்டை அடித்து, நம்பர் போட்டு, வருடா வருடம் காய்ப்பை ஏலம் விட்ட காலத்தை அவர்களில் ஒருவர் சொன்னார். ஏலம் எடுத்தவர், உலுக்கப் போனவர், புளி தட்டி உடைத்த பெண்கள் என்று ஒவ்வொரு மரத்தோடும் ஊரில் சிலருக்கு உறவு இருந்ததாம். நான்கு வழிச்சாலைக்கு அவை போனபோது உறவும் போயிற்று, பின்னால் வைத்த அரளிச் செடியோடு யாருக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

அரிட்டாபட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஐயா, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அந்த மலை அறிவிக்கப்பட்டதைப் பெருமையாகச் சொன்னார். மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்கு மேல். அடுத்து 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது, கிராமசபைகளில் தீர்மானம் போட்டது, மதுரைக்கு நடந்தே வந்தது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது வரை சொல்லி முடித்தபோது, பிள்ளைகள் சிலர் “இத்தனை பேரை எப்படித் தாத்தா சேர்த்தீங்க?” என்று கேட்டார்கள். “சேர்க்கலப்பா. மலையில ஊத்து இருக்கு, சாமி இருக்கு, எங்க ஆடு மேயுது. எல்லாரும் ஏற்கெனவே அங்கதான இருந்தோம்” என்றார். கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்காத ஊர்க்காரரிடம் பங்கேற்பு பற்றி நாங்கள் தனியாக வகுப்பெடுக்க என்ன இருக்கிறது?

பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர் சொன்ன செய்தியும் எங்களுக்குப் புதிது. தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்யும் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்ததாம். சின்ன வாய்க்கால் வெட்டி வேம்புக்கும் நாவலுக்கும் திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 வேளை தண்ணீர். கோடையிலும் இலை வாடவில்லை என்றார். கேட்டதும் கோயில்காரர்கள் சிலர் தங்கள் கால் கழுவும் குழாயைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். நன்றி பாய்.

கடம்பைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் மரப் பேச்சு முடியுமா? கடம்பவனமாக இருந்த ஊர் இது என்கிறது தலபுராணம். மீனாட்சியம்மன் கோயிலின் தலமரமும் கடம்புதான். ஆனால் கடம்பு பூத்து நின்று பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றபோது எழுந்த கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உசிலம்பட்டி நாற்றங்கால் அக்கா 30 கடம்பு நாற்றுகளைக் கொண்டுவந்திருந்தார். அதன் விதை தூசி மாதிரி இருக்கும். மணலோடு கலந்து தூவி, மேலே நீரை ஊற்றாமல் தெளித்து, நிழலில் வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டால் வரும் ஆலும் பூவரசும் போல இல்லை. அத்தனை பாடுபட்டு வளர்த்ததற்குக் காசே வேண்டாம் என்றார். கடம்புக்கு ஈரம் வேண்டும் என்பதால் தார்ச்சாலை ஓரத்தில் வைக்க வேண்டாம், கண்மாய்க் கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் மட்டும் தருவேன் என்று ஒரே பிடியாக நின்றார். அவர் சொன்னதே சரி. அப்படித்தான் பிரித்துக் கொடுத்தோம்.

வனத்துறையிலிருந்து வந்து கன்றுகளுக்கு ஏற்பாடு செய்த அலுவலர்களுக்கும், மாநகராட்சி வார்டு ஊழியர்களுக்கும், விடுமுறை நாளில் கூடத்தைத் திறந்துவிட்ட காவலாளி ஐயாவுக்கும் நன்றி. மைக் பாதியில் நின்றபோது ஆட்டோவிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றிக் கொடுத்த தம்பி, உங்களால்தான் ஆத்தாமார் பேச்சு கடைசி வரிசைவரை கேட்டது. முள்ளுமுருங்கை வடையும் பருத்திப்பாலும் செய்து கொண்டுவந்த மகளிர் குழுவினரே, வந்தவர்கள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள். தட்டு முழுக்க மந்தாரை இலையாக இருந்ததால் குப்பை ஒரு சாக்குதான் வந்தது, அதுவும் மக்கிவிடும்.

கல்லூரிப் பிள்ளைகள் கம்பளிப்பூச்சி, காக்கை எச்சம், சாக்கடைக்குள் வேர் என்று வீட்டுப் பெண்கள் சொன்ன குறைகள் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். 4 பக்கம் வந்திருக்கிறது. குழுக்கள் அதை வாங்கிப் படிக்காமல் இந்த ஐப்பசி நடவுக்குக் கிளம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடம்புக் கன்று வாங்கிப்போனவர்கள் மழை இறங்குவதற்குள் 3 அடிக் குழி எடுத்து, தொழு உரம் போட்டு ஆற விடுங்கள். எந்தக் கரை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கூடத்தில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, 2 குடை, கைப்பிடி தேய்ந்த ஒரு மண்வெட்டி இருக்கின்றன. தூக்குவாளியில் பச்சைப் பெயின்டால் பூப்போட்டிருக்கிறது. காவலாளி ஐயா பத்திரமாக வைத்திருக்கிறார். உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
கூடுகையை ஒருங்கிணைத்தவர்கள் சார்பில்,
மதுரை.