மறுப்பதாயின் எழுத்தில் மறுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 1 அனுமதிக்கான விண்ணப்பங்கள் ஏற்கப்படும் இக்காலத்தில், விண்ணப்பத்தைக் கொடுக்கப் போய் அதனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பும், மாற்றுத்திறனுடைய பிள்ளைகளின் தாய்மார் சிலரைப் பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாக எழுத விரும்புகிறேன். ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, மாங்குளம் பகுதிகளில் 31 ஆண்டுகள் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவள் நான். கீழே நான் குறை சொல்லப்போகும் மேசையின் உட்பக்கத்தில் நானும் இருந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாகும்.

வன்னியில் எந்த அதிபரும் ஒரு தாயின் முகத்தைப் பார்த்து, "உங்கள் பிள்ளைக்குக் குறைபாடு இருப்பதால் சேர்க்க முடியாது" என்று சொல்வதில்லை. "அடுத்த வருசம் பாப்பம்" என்பார்கள். "பிள்ளை முதலில கொஞ்சம் கதைக்கப் பழகட்டும்" என்பார்கள். "விசேட கல்வி அலகு இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போங்கோவன், அங்க நல்லாப் பாப்பினம்" என்பார்கள்; அலகு என்பது சாதாரண பாடசாலைக்குள் இப்பிள்ளைகளுக்கென உள்ள தனி வகுப்பு. "நீங்களும் பிள்ளையோட வந்து இருப்பியள் எண்டா யோசிக்கலாம்" என்பது, நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்குச் சொல்லப்படும்போது, மறுப்பேதான். இவை எல்லாம் கனிவாகவே சொல்லப்படுகின்றன. தாயும் அவற்றை அறிவுரையாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். விண்ணப்பம் வாங்கப்படாததால் அதற்குக் கோவை இல்லை. கோவை இல்லாததால் மறுப்பும் இல்லை. வலயக் கல்விப் பணிமனை கேட்டால், மாற்றுத்திறனுடைய பிள்ளை எவரும் தமது பாடசாலையில் மறுக்கப்படவில்லை என்று அதிபர் எழுதும் பதில், எழுத்தளவில் முழு உண்மையாகவே இருக்கும்.

2015 ஆம் ஆண்டுக்கான அனுமதி நேர்முகத்தில் நானும் ஒரு அங்கத்தவராக இருந்தேன். 2009 இல், இடப்பெயர்வின் நடுவே பிறந்த ஓர் ஆண்பிள்ளையைத் தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பெருமூளை வாதத்தால் கைகால்கள் இறுகிய பிள்ளை. பேச்சு தெளிவில்லை, ஆனால் பெயரைக் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னான், இரண்டாம் முறை சொன்னபோது எனக்கு விளங்கியது. மலசலகூடத்துக்கு யார் கொண்டு போவது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. நானும் பேசாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அடுத்த வருசம்" என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த வருடம் அந்தத் தாய் வரவில்லை. சில ஆண்டுகளின் பின் அவனது தங்கை என் வகுப்புக்கு வந்தபோதுதான், அவளுடைய பாடப்புத்தகங்களைப் பார்த்து அண்ணன் வாசிக்கப் பழகிவிட்டான் என்பதை அறிந்தேன். நாங்கள் படிக்க முடியாது என்று கருதிய பிள்ளையை, முதலாம் தரத்துச் சிறுமி ஒருத்தி வீட்டுத் திண்ணையில் இருந்து படிப்பித்திருக்கிறாள்.

சட்டம் இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென இயற்றப்பட்ட 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணங்காட்டி எவருக்கும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்கிறது. கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள், தொடக்கத்தில் 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இருந்து, 2016 இல் 16 வயது வரை நீட்டிக்கப்பட்டன. அதே 2016 இல், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. குறைபாட்டின் காரணமாக எந்தப் பிள்ளையும் இலவச, கட்டாய ஆரம்பக் கல்வியிலிருந்து விலக்கப்படக் கூடாது என்பது அதன் 24 ஆம் உறுப்புரை. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்திய அலுவலகத்துக்கும் போகலாம். ஆனால் எதைக் கொண்டு போவது? "அடுத்த வருசம் பாப்பம்" என்ற வாய்ச்சொல்லையா? மறுப்பு எழுத்தில் இல்லாதவரை, இத்தனை சட்டங்களும் புதுக்குடியிருப்பில் ஒரு தாய்க்கு உதவப்போவதில்லை.

பாடசாலைப் பெயர்ப் பதிவேடான இடாப்பில் பெயர் ஏறாத பிள்ளை வகுப்பறையை மட்டும் இழப்பதில்லை. அரசு இலவசமாக வழங்கும் பாடநூல்களும் சீருடைத் துணியும் இடாப்பின் வழியாகவே வருகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடைபெறுகிறது. பார்வையும் செவிப்புலனும் பார்க்கப்பட்டு, தேவையானோர் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவது அங்கேதான். ஆக, அந்தப் பரிசோதனை யாருக்கு மிகவும் அவசியமோ அந்தப் பிள்ளையே அதற்கு வெளியில் நிற்கிறது. பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம், எழுத உதவுநர், பிறெயில் வினாத்தாள் போன்ற சலுகைகளை வழங்குகிறது. பரீட்சைவரை வரமுடிந்தவர்களுக்கே அவையும்.

பாடசாலைகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது முறையல்ல. விசேட கல்வியில் பயிற்சி பெற்ற தமிழ்மொழிமூல ஆசிரியர்கள் தேவைக்குக் குறைவு. நான் பார்த்த விசேட கல்வி அலகு ஒன்றில், செவிப்புலன் குறைந்த பிள்ளை, டவுண் சின்றோம் உள்ள பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை என ஆறு வயது முதல் பதினைந்து வயது வரையானோர் ஒரே அறையில் ஒரே ஆசிரியையிடம் இருந்தார்கள். அந்த ஆசிரியை செய்தது கற்பித்தலா காவலா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அவர் இரண்டையும் செய்யத் தம்மாலியன்றதைச் செய்துகொண்டிருந்தார். சாதாரண வகுப்பிலும் இதே கதை உண்டு. என் சக ஆசிரியை ஒருவரின் வகுப்பில், காது கேளாத சிறுமி ஒருத்தி ஐந்து ஆண்டுகள் நல்ல வரவுடன் மூன்றாம் வாங்கிலில் இருந்து, கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதக் கற்று, எழுதிய எதனையும் விளங்கிக்கொள்ளாமல் ஆறாம் தரத்துக்குப் போனாள். எனவே, அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் வாதிடவில்லை. எனினும், அனுமதிக்கப்படாத பிள்ளைக்காக எவரும் ஆசிரியர் கேட்டு எழுதப்போவதில்லை. இடாப்பில் ஐந்து பேர் இருந்தால்தான் ஐந்து பேருக்கு ஆசிரியர் இல்லை என்ற பேச்சாவது எழும்.

இன்னொரு காரணத்தை வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறுகளால் பாடசாலைகள் அளக்கப்படும் வரைக்கும், புள்ளிகளின் சராசரியைக் குறைக்கக்கூடிய பிள்ளையைக் கண்டால் அதிபருக்கு உள்ளூர ஒரு தயக்கம் வரத்தான் செய்யும். இதில் வேடிக்கை என்னவென்றால், மாணவர் தொகை ஐம்பதுக்குக் கீழே போய்விட்டது, பாடசாலையை மூடிவிடுவார்களோ என்று கவலைப்படும் கிராமத்துப் பாடசாலைகளிலும் இந்தத் தயக்கத்தை நான் கண்டிருக்கிறேன்.

"அலகு உள்ள பாடசாலைக்குப் போங்கள்" என்பதன் பொருளை, தூரத்தை அறிந்தவர்கள்தான் சொல்லவேண்டும். நெடுங்கேணிக்கு அப்பால், துணுக்காயின் உட்கிராமங்களில், முழங்காவில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, அலகு என்பது பேருந்து ஏறிப் போகவேண்டிய ஊரில் இருக்கும் ஒன்று. சக்கர நாற்காலியுடன் பேருந்தில் ஏற்றமாட்டார்கள். முச்சக்கர வண்டிக்கு மாதவாடகை பேசினால் அது தாயின் நாட்கூலியில் பெரும்பங்கை எடுத்துவிடும். மாற்றுத்திறனுடைய பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலை, வள்ளிபுனத்தில் உள்ள இனிய வாழ்வு இல்லம் போன்றவை ஆற்றிவரும் பணியை நன்றியுடன் நினைக்கிறேன். அங்கு வளர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆயினும் முல்லைத்தீவிலிருந்து கைதடி ஏறக்குறைய 100 கிலோமீற்றர். யுத்தத்தில் கணவனையும் இழந்து, மிஞ்சிய ஒரு பிள்ளையையும் விடுதியில் விட மனம் ஒவ்வாத தாயைப் பார்த்து, "வசதி இருக்கு, நீங்கள்தான் அனுப்பேல்லை" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

கட்டடங்களைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. 2009 இன் பின் எழுந்த நமது பாடசாலைக் கட்டடங்கள் பலவற்றில் சாய்வுப் பாதை இருப்பது அதனால்தான் போலும். ஆனால் படலையிலிருந்து அந்தச் சாய்வுப் பாதைவரை மணல். மாரி வந்தால் சேறு. நாற்காலியின் சில்லு புதைந்த இடத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. தூக்கியே போவதானால் சாய்வுப் பாதை எதற்கு?

நான் கேட்பது பெருஞ்செலவு வேண்டாத ஒன்று. மாகாணப் பாடசாலைகள் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளமையால், கொழும்பின் உத்தரவுக்குக் காத்திராமல் வடமாகாணக் கல்வித் திணைக்களமே ஒரு சுற்றுநிருபத்தின் மூலம் இதைச் செய்யலாம். தரம் 1 இற்கு விண்ணப்பிக்கும் எந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தையும் பாடசாலை வாங்கவேண்டும். வாங்கியதற்குத் திகதியும் கையொப்பமும் இட்ட பிரதியைப் பெற்றோரிடம் கொடுக்கவேண்டும். அனுமதிக்க இயலாதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியை வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பிரிவுக்கு அனுப்பவேண்டும். எழுதவேண்டும் என்றாலே அரைவாசி மறுப்புகள் நின்றுவிடும் என்பது என் அனுபவம். காரணத்தை எழுத்தில் வாசித்துப் பார்க்கும்போது எழுதியவருக்கே அது சரியாகப் படாது.

அத்துடன், பாடசாலை வாசலுக்கே வராத பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதற்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. தனது பிரிவில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் குடும்பநல உத்தியோகத்தர் பதிவேட்டில் வைத்திருக்கிறார். குறைபாட்டுக்கான கொடுப்பனவு பெறுவோரின் விபரம் பிரதேச செயலகத்தில் இருக்கிறது. வீட்டில் எத்தனை பேர் என்பது கிராம அலுவலருக்குத் தெரியும். கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகளின்படி அமைக்கப்பட்ட பாடசாலை வரவுக் குழு, ஆண்டில் ஒரு நாள் இம்மூவரின் பதிவுகளையும் பாடசாலை இடாப்பையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தால், விடுபட்ட பெயர்கள் மத்தியானத்துக்கு முன் தெரிந்துவிடும். 2012 குடிசன மதிப்பீட்டில், நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற செயற்பாடுகளில் ஏதேனும் சிரமம் உடையவர்களாகப் பதிவானார்கள். அவர்களில் பலர் முதியோர் என்பது உண்மையே. ஆனாலும் வன்னியில் பாடசாலைக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு வலயப் பணிமனையைக் கேட்டால், பெயர்ப் பட்டியலொன்று பதிலாக வரவேண்டும்.

இம்முறை எங்கள் கிராமத்தில் இரண்டு தாய்மாருக்கு நானே விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து, பிரதியில் கையொப்பம் கேட்டு வாங்கி வரும்படி சொல்லி அனுப்பினேன். ஒரு பாடசாலையில் அதிபர் மறுபேச்சின்றி ஒப்பமிட்டுக் கொடுத்ததோடு, பிள்ளை எந்தப் பக்கக் காதால் நன்றாகக் கேட்கும் என்றும் விசாரித்திருக்கிறார். மற்றப் பாடசாலையில், அப்படியொரு வழக்கம் இல்லை, பிள்ளை நடக்கத் தொடங்கியதும் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த விண்ணப்பம் இப்போது என் மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அதனைப் பதிவுத் தபாலில் சேர்த்து, அஞ்சலகம் தரும் சிட்டையைத் தாயிடம் கொடுக்கவுள்ளேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.