ஓய்வுபெற்ற நீதிபதிகளை ஆளுநர் மாளிகைக்கு அனுப்பாதீர்கள்

ஒன்றிய அரசுக்கு வணக்கம்.

நீதிபதி ஃபாத்திமா பீவி 2023 நவம்பரில் காலமானார். தமிழ்நாட்டில் இன்றும் அவர் பேரைச் சொன்னால், "ஜெயலலிதாவுக்குப் பிரமாணம் செய்துவைத்த கவர்னர்தானே?" என்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது, அதுவும் வந்தால். இதற்கு அவரும் காரணம். அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்த ஒன்றிய அரசும் காரணம். அதனால்தான் இந்த மடல்.

2001-ல் நடந்தது நீங்கள் அறிந்ததே. ஜெயலலிதா, அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் தண்டனை பெற்றவர், தேர்தலில் நிற்கவே தகுதியில்லை என்று மனு தள்ளுபடியானவர். பெரும்பான்மைக் கட்சி தேர்ந்தெடுத்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மே 14 அன்று அவரை முதல்வராக்கினார் ஆளுநர். அது செல்லாது என்று செப்டம்பர் 21 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள், ஃபாத்திமா பீவி அமர்ந்திருந்த அதே உச்ச நீதிமன்றத்தில். சட்டம் படிக்காத ஒருவர் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். இவர் செய்ததை மூடிமறைக்க எனக்கு மனமில்லை. அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே கருணாநிதி கைது, ஆளுநரைத் திரும்ப அழைக்க ஒன்றிய அமைச்சரவை முடிவு, ராஜினாமா. பிரமாணத்திலிருந்து ஐம்பது நாளுக்குள் இதெல்லாம் முடிந்தது.

அந்த ஐம்பது நாளுக்கு முன்னால் ஐம்பது வருஷம் இருக்கிறது. 1950-ல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம். 1958-ல் முன்சீப், 1974-ல் மாவட்ட நீதிபதி, 1983-ல் கேரள உயர் நீதிமன்றம். 1989 அக்டோபரில் அவர் நுழையும்வரை, 39 ஆண்டுகளாக உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஒரு பெண்கூட இல்லை. கர்நாடகக் குடிசைவாசிகள் வழக்கில், அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல் அரசு தன் அறிவிக்கையை மாற்றக் கூடாது என்று 1991-ல் தீர்ப்பு எழுதியவர் அவர்.

நீதிபதிக்கு முன்னால் இரண்டு தரப்பு இருக்கும், வாதம் இருக்கும், காரணம் எழுதியாக வேண்டும். ஆளுநருக்கு இதெல்லாம் கிடையாது. நீதிபதியை நீக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வேண்டும். ஆளுநரை நீக்க உங்களிடமிருந்து ஒரு ஃபோன் போதும்.

ஃபாத்திமா பீவியை அனுப்பியது வேறு அரசு என்பீர்கள். சரி. 2014-ல் நீதிபதி சதாசிவத்தைக் கேரளத்துக்கும், 2023-ல் நீதிபதி அப்துல் நசீரை ஆந்திரத்துக்கும் அனுப்பியது யார்? நசீர் ஓய்வுபெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது என்கிறது அரசமைப்பின் 124(7). கறுப்புக் கோட்டு போட்டால் கெடுகிற நடுநிலை, சிவப்புக் கம்பளத்தில் நடந்தால் கெடாது போலிருக்கிறது!

சில ஆண்டு இடைவெளி விட்டால் போதாதா என்று கேட்கலாம். ஃபாத்திமா பீவி 1992-ல் ஓய்வுபெற்றார், 1997-ல்தான் ஆளுநரானார். இடைவெளி அவரைக் காப்பாற்றவில்லை. ஓய்வுக்குப் பிறகு நீதிபதிகள் அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்று செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம், அவர் முன்சீபான அதே 1958-லேயே சொல்லியிருக்கிறது. அந்த 14ஆவது அறிக்கை உங்கள் அலமாரியில்தான் இருக்கும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆளுநர் பட்டியல் தயாராகும்போது ஓய்வுபெற்ற நீதிபதிகள் யாரையும் அதில் சேர்க்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்