ஹால்ப் ட்ரை என்றால் இரண்டரை

அன்புள்ள தம்பி,

ஆபீசில் எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள், ஜெர்மன் எதற்கு என்று கேட்டிருந்தாய். வயதான காலத்தில் உயிர் பிழைக்க ஓடி வந்தவரிடம் "மொழியைப் படி" என்று அதிகாரம் பண்ணுவது தப்பு. நீ அப்படியில்லை. படித்து வேலைக்கு வருகிறவர்களுக்கு ஜெர்மனி தரும் அனுமதியான ப்ளூ கார்டில், இளம் வயதில், விரும்பிப் போனவன். நீ படிக்கத்தான் வேண்டும்.

முதலில் கணக்கைப் பார். ப்ளூ கார்டுக்காரருக்கு ஏ1 அளவு, அதாவது ஆரம்பநிலை ஜெர்மன் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமம், பி1 என்ற நடுநிலை இருந்தால் 21 மாதத்தில். வெளிநாட்டவருக்கான ஜெர்மன் அரசாங்கத்தின் ஒருங்கிணைப்புப் படிப்பில் பி1 வரைக்கும் 600 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மொத்தம் 450 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பதினைந்து மாதம்தான்.

நிறைய பேர் பாதியில் விடுவதற்குக் காரணம், ஜெர்மனை இங்கிலீஷ் வழியாகப் படிப்பது. நீ தமிழ் வழியாகப் படி. நாம் "நான் குளிர்கிறேன்" என்றா சொல்கிறோம்? "எனக்குக் குளிர்கிறது" என்கிறோம். ஜெர்மனிலும் "மியர் இஸ்ட் கால்ட்", அதாவது எனக்கு. இங்கிலீஷை அப்படியே மாற்றி "இஹ் பின் கால்ட்" என்றால் ஈரமில்லாத மனுஷன் என்று அர்த்தமாகிவிடும். "உனக்கு உதவுகிறேன்" என்பதும் அப்படித்தான்: "இஹ் ஹெல்ஃப டியர்", அங்கேயும் நான்காம் வேற்றுமை. "ஏனென்றால்" என்பதற்கான "வைல்" போட்டுக் காரணம் சொன்னால் வினைச்சொல் நம் வாக்கியம் மாதிரியே கடைசிக்குப் போய்விடும். இங்கிலீஷ்காரர் தடுமாறும் இடமெல்லாம் உனக்குப் பழகிய பாதை.

நமக்குக் கஷ்டம், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்டப் போடும் டேர், டீ, டாஸ்தான். மேஜை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இரண்டுமில்லாதது. நமக்கு மூன்றுமே அஃறிணை, அதனால் மனசு ஒப்பாது. மேஜையைத் தனியாக "டிஷ்" என்று மனப்பாடம் பண்ணாதே, "டேர் டிஷ்" என்று ஒரே சொல்லாகப் பண்ணு. "உங்", "ஹைட்", "கைட்" என்று முடியும் பெயர்ச்சொற்களுக்கு அநேகமாகக் கண்ணை மூடிக்கொண்டு "டீ" போடலாம்.

நேரத்தில் கவனமாக இரு. "ஹால்ப் ட்ரை" என்று காதில் விழுந்ததும் மூன்றரை என்று தோன்றும். அது இரண்டரை, மூன்றை நோக்கிப் பாதி. டாக்டரிடம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எண்ணும் தலைகீழ்: 24 என்பதை "நாலும் இருபதும்" என்பார்கள். கேட்கக் கேட்க எழுதினால் 42 ஆகிவிடும். போன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்.

எனக்கு அதிகம் பயம் தபால்தான். அரசு அலுவலகமோ நீதிமன்றமோ அனுப்பும் மஞ்சள் உறை வந்தால் அன்றைக்கே பிரி. தபால்காரர் அதன் மேல் தேதி எழுதியிருப்பார், கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும். போக்குவரத்து அபராதத்துக்கும், நீதிமன்றம் அனுப்பும் கடன் நோட்டீசுக்கும் மறுப்புத் தெரிவிக்க இரண்டே வாரம். நண்பன் வந்து படித்துச் சொல்லட்டும் என்று வைத்திருந்தால், செலுத்த வேண்டாத பணத்தையும் செலுத்த நேரும். உறையைத் தூக்கிப் போடாதே.

உன் உச்சரிப்பைக் கேட்டதும் கடைக்காரர் இங்கிலீஷுக்குத் தாவுவார், உதவியாக நினைத்துத்தான். "டாய்ச், பிட்ட. இஹ் லெர்ன நோஹ்" என்று சிரித்துக்கொண்டே சொல். ஜெர்மனிலேயே பேசுங்கள், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். பெரும்பாலும் மெதுவாகப் பேசுவார்கள்.

கல்யாணம் ஆனால் உன் மனைவிக்கு விசாவுக்கு ஏ1 கேட்கமாட்டார்கள், ப்ளூ கார்டுக்காரர் துணைக்கு விலக்கு உண்டு. அந்தச் சலுகையை நம்பி அவளை ஒரு வார்த்தை தெரியாமல் கூட்டிப்போய் நாலு சுவருக்குள் உட்கார வைத்துவிடாதே. பிள்ளை பிறந்தால் வீட்டில் தமிழ்தான் பேசுங்கள். ஜெர்மனை அது பகல்நேரக் காப்பகத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பெரியவர்கள் படிக்கும் ஊர்க் கல்விக்கூடமான ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலவில் மாலை வகுப்பு இருக்கும். இலையுதிர்காலப் பருவத்துக்கு இடம் சீக்கிரம் நிரம்பும், இந்த வாரமே பெயர் கொடுத்துவிட்டு எழுது.

அன்புடன்,
அம்மா