முயலுக்கு ஒரு முதல் துப்பாக்கி

பட்டர்வொர்த்,
பினாங்கு.

அன்புத் தம்பிக்கு,

நீ படம் பிடித்து அனுப்பிய ஒற்றைக்குழல் 12 போர் (போர் என்பது குழல் அளவு) துப்பாக்கியை வாங்காதே. விலை மலிவுதான், கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஆனால் நீ சுடப்போவது நியூசிலாந்தின் ஒட்டாகோ புல்வெளி முயலை, செம்பனையைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றியை அல்ல. நம் தோட்டப்புறத்தில் செனாப்பாங் (மலாயில் துப்பாக்கி) என்றாலே சின்னச் சின்னக் குண்டுகளை இறைக்கும் ரவைத் துப்பாக்கிதான் என்பதால் உனக்கும் அதுவே முதலில் தோன்றியிருக்கும்.

எடை குறைந்த ஒற்றைக்குழல் 12 போர் தோளில் ஓங்கி உதைக்கும். பத்துத் தோட்டா சுடுவதற்குள் கண் தானாக மூட ஆரம்பிக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. ரவை 30, 35 மீட்டருக்கு மேல் சிதறிவிடும். முயலோ திறந்த மேட்டில் 50, 60 மீட்டரில் உட்கார்ந்திருக்கும். மீறி அடித்தால் காயத்தோடு வளைக்குள் ஓடிச் சாகும். கிடைத்த முயலிலும் ரவையைப் பொறுக்கிக்கொண்டே சாப்பிட வேண்டும். ஓடும் முயலைப் பக்கத்தில் அடிப்பதற்கு ரவைதான் சரி என்பது உண்மை. அது இரண்டாவது துப்பாக்கியாக இருக்கட்டும்.

உனக்கு வேண்டியது .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். 1887-இல் வந்த தோட்டா, இன்றும் அதைவிட மலிவாகப் பழக ஒன்றும் இல்லை. உதை கிடையாது. அங்கே சத்தம் குறைக்கும் சைலன்சர் சட்டப்படி கடையில் கிடைக்கும். அதனால் ஒரு முயல் விழுந்தாலும் பக்கத்து முயல் பல சமயம் ஓடாது. .17 எச்எம்ஆர் என்ற இன்னொரு தோட்டா நேராகவும் தூரமாகவும் போகும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். போகும்தான், ஆனால் தோட்டா விலை பல மடங்கு, காற்றடித்தால் குண்டு விலகும், கறியும் சிதையும். ரூகர் 10/22 போன்ற, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோவும் 10 தோட்டாவுக்கு மிகாத மேகசினோடு அங்கே அனுமதிதான். ஆனால் பழகுபவன் கையில் அது தோட்டா தின்னும் இயந்திரம். ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக் தோட்டாவில் அடிக்கடி சிக்கவும் செய்யும். போல்ட் என்றால் ஒவ்வொரு குண்டுக்கும் நீயே இழுத்துத் தள்ள வேண்டும், அந்த இடைவெளியில் யோசிப்பாய்.

வாங்கும் முன் லைசென்ஸ். எழுத்துத் தேர்வு, செய்முறைப் பாதுகாப்புப் பயிற்சி, உன்னைத் தெரிந்தவர்களிடம் விசாரணை, பூட்டி வைக்கும் இடத்தைப் பார்வையிடுதல், எல்லாம் முடிந்தால்தான் கையில் வரும். முதல் லைசென்ஸ் 5 ஆண்டுக்கு. தோட்டா வாங்கவும் அது வேண்டும். வாங்கிய துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்றுவதும் கட்டாயம், 2023 ஜூனிலிருந்து அந்த முறை. உனக்கு லைசென்ஸ் கிடைக்கும்வரை, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால் மட்டும் சுடலாம்.

பணத்தைப் பிரிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் துப்பாக்கிக்குப் போகக்கூடாது. ஸ்கோப், அதன் வளையங்கள், சைலன்சர், 500 தோட்டா, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு, இரும்புப் பெட்டி, இத்தனையும் மீதியில் அடங்க வேண்டும். புதிதாக ஒரு சி.இசட். 457 வாங்க முடிந்தால் ஆயுசுக்கும் போதும். முடியாவிட்டால் பழைய புர்னோ, அல்லது அதைப் பார்த்துச் சீனாவில் செய்த நோரிங்கோ ஜே.டபிள்யூ-15. நோரிங்கோவின் விசை கரடுமுரடாக இருக்கும், கட்டை அழகாக இருக்காது. அதற்கென்ன, குறி தவறாமல் சுடுகிறதே.

பழையதை எடுத்தால் கடையிலேயே இவற்றைப் பார். முதலில் மேகசினைக் கழற்று, போல்ட்டைத் திற, தோட்டா அறை காலி என்று கண்ணால் பார், சுண்டுவிரலாலும் தொட்டுப் பார். பிறகு போல்ட்டை முழுவதும் உருவிவிட்டு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்க்க வேண்டும். சுழல்கோடுகள் பளிச்சென்று தெரிய வேண்டும். கறுப்புப் புள்ளிகள் துருப்பிடித்த குழி. ஓரிடத்தில் மட்டும் வளையம் போல நிழல் தெரிந்தால் குழல் உள்ளே வீங்கியிருக்கிறது, தொடாதே. குழல்வாயின் விளிம்பில் சிராய்ப்பு இருந்தால் குண்டு ஒரு பக்கம் இழுக்கும். தோட்டா அறையின் விளிம்பில் சின்ன வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்றும் பார். தோட்டா இல்லாமலே விசையைத் தட்டித் தட்டி விளையாடியதில் ஊசி பட்டு வரும் காயம் அது. .22-க்கு அந்தப் பழக்கம் ஆகாது. தோட்டாவின் ஓடு வெளியே வராமல் சிக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து சேஃப்டி. கடைக்காரரிடம் கேட்டு சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டா ஓடு ஒன்றை உள்ளே போட்டு, போல்ட்டை மூடி, சேஃப்டியைப் போட்டு விசையை இழு. ஒன்றும் நடக்கக்கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியைத் தள்ளு. அந்த நொடியில் தானாக 'டிக்' என்று விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி. கட்டையில் கைப்பிடி மெலியும் இடத்தில் விரிசல் இருக்கிறதா பார். குழல்வாயில் சைலன்சருக்கு மரை இல்லையென்றால், அதை வெட்டும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு.

ஸ்கோப் 4x32 போதும். ஆனால் ரிம்ஃபயருக்கென்று, அதாவது .22 போன்ற சின்னத் தோட்டாவுக்கென்று, செய்ததாக இருக்கட்டும். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பில் பேரலாக்ஸை, அதாவது கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரத்தை, 100 கஜத்துக்கு அமைத்திருப்பார்கள். 30 மீட்டரில் கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறியும் நகரும். ரிம்ஃபயர் ஸ்கோப்பில் அது 50 கஜம். வளையத் திருகுகளை ஒரு பக்கம் முழுவதும் முடுக்கிவிட்டு மறுபக்கம் போகாதே. மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. குறி நிலைக்கவில்லை என்று துப்பாக்கியைத் திட்டுபவர்களில் பாதிப் பேருக்குத் தளர்ந்திருப்பது திருகுதான்.

தோட்டாவில் நாலைந்து வகை, வகைக்கு ஒரு பெட்டி, 40 கிரெய்ன் (குண்டின் எடை) சப்சானிக் ஹாலோ பாயிண்ட், அதாவது முனையில் குழி உள்ளது, வாங்கு. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு. விலை கூடினது உன் குழலுக்குப் பிடிக்காமலும் போகலாம். துப்பாக்கியை மணல் பையில் சாய்த்து, 50 மீட்டரில் ஐந்து குண்டு சுடு. ஐந்தும் 25 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் அதுதான் உன் தோட்டா, அதையே மொத்தமாக வாங்கிவிடு.

ஆனால் குறி சரிசெய்வதை 25 மீட்டரில் தொடங்கு, இல்லையென்றால் முதல் குண்டு தாளிலேயே படாது. ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் திருகில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) என்றால் 25 மீட்டரில் 1.8 மில்லிமீட்டர், 50-இல் 3.6. குண்டு 4 செ.மீ. கீழே போனால் 25 மீட்டரில் 22 கிளிக் மேலே. ஒரே குண்டைப் பார்த்துத் திருகாதே, மூன்று குண்டின் நடுவைப் பார். 50 மீட்டருக்குச் சரிசெய்த சப்சானிக் தோட்டா 75-இல் 8, 9 செ.மீ. தாழும், 100-இல் கால் மீட்டர். முயலின் தலை உன் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அதனால் ஆரம்பத்தில் 50-ஐத் தாண்டாதே.

சுடும்போது தோட்டா வெடிக்கவில்லையென்றால் குழலைப் பத்திரமான பக்கம் நீட்டியபடியே 30 விநாடி காத்திருந்து பிறகு போல்ட்டைத் திற. 'புஸ்' என்று சத்தம் குறைவாக வந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். போல்ட்டை உருவி உள்ளே பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போய்விடும், கையும் போகலாம்.

இத்துனூண்டு குண்டுதானே என்று நினைக்காதே, 2 கிலோமீட்டருக்கு மேல் போகும். கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும் சுடு, மேட்டு உச்சியில் வானத்தை ஒட்டி நிற்பதை விட்டுவிடு. இரவில் விளக்கடித்துப் போகிறவர்களோடு சேர்ந்தால், மின்னுகிற கண்ணைச் சுடக்கூடாது. முழு உடம்பும் தெரிய வேண்டும். வேலி தாண்டும்போது போல்ட் திறந்து, அறை காலி.

பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே விஷம் வைத்திருக்கிறாரா என்றும் கேள். அங்கே முயலுக்கு பிண்டோன், 1080 இரண்டும் வைப்பார்கள். வைத்த நிலம் என்றால் அந்த முயலைச் சட்டியில் ஏற்றாதே. அம்மா பெரட்டலுக்கு மசாலா அளவு எழுதி வைத்திருக்கிறாள், தனியாக வரும்.

வீட்டில் துப்பாக்கி பெட்டிக்குள், போல்ட் கழற்றி வேறு பூட்டில், தோட்டா அதற்கும் வேறு இடத்தில். சாவி உன்னிடம் மட்டும், அறைத் தோழன் லைசென்ஸ்காரனாக இல்லாவிட்டால் அவனுக்குத் தெரியவே கூடாது.

தீபாவளிக்கு வரும்போது வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட்டையும் முதுகுப்பையையும் அங்கேயே விட்டுவிட்டு வா. மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் பாயான் லெப்பாஸ் விமான நிலைய ஸ்கேனரில் தெரியும். உன் நியூசிலாந்து லைசென்ஸ் இங்கே செல்லாது. 1960 ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் இல்லாத தோட்டாவுக்கும் 7 ஆண்டுவரை சிறையோ, 10,000 ரிங்கிட்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. புதுப் பை வேண்டுமென்றால் சொல், இங்கே வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா