மந்தைக்கு மேலே ட்ரோன் வேண்டாம்: கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும் புகைப்படக் குழுக்களுக்கு

வணக்கம்.

அறுவடை முடிந்து மாடுகள் தாள் மேயத் தொடங்கினால், வார இறுதிகளில் நீங்களும் கேமராவோடு வந்துவிடுகிறீர்கள். சாயங்கால வெயிலில் எழும்பும் புழுதி படத்துக்கு எவ்வளவு அழகு என்று எங்களுக்கும் தெரியும். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மந்தைக்கு மேலே ட்ரோன் பறக்கவிடாதீர்கள். மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

போன மாதம் ஒரு குழு வந்தது. "பின்னாடி இருந்து கொஞ்சம் விரட்டுங்கண்ணே, புழுதி பத்தல" என்று எங்கள் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுத்திருக்கிறார். சற்று நேரத்தில் மந்தைக்கு நேர் மேலே ட்ரோன் வந்துவிட்டது. எங்கள் மலைமாடு, மலையடிவாரத்திலும் காட்டிலும் மந்தையாக மேயும் நாட்டு மாடு, கட்டுத்தறியில் வளர்கிற மாடு இல்லை, மேய்ப்பவரைத் தவிர வேற்றாளை அண்டவிடாது. மலைத்தேனீ கலைந்தது போன்ற அந்த இரைச்சல் கேட்டதும் மொத்தமும் சிதறி ஓடியது. தலையீத்துச் சினையாக இருந்த செவலை வாய்க்கால் கரையில் சறுக்கி, வயிறு கல்லில் மோத விழுந்தது. எழுந்து நின்றுவிட்டது, சரி, தப்பித்தது என்று நினைத்தோம். அன்றிரவே கன்று வீசிவிட்டது. நாள் நிறையாத கன்று, மேலில் மயிர்கூடச் சரியாக முளைக்கவில்லை. செவலை அதை நக்கிக்கொண்டே நின்றது. எடுத்துப் புதைக்கப் போன சித்தப்பாவையே முட்ட வந்தது. குழு அதற்குள் ஊரைத் தாண்டியிருந்தது.

பாலுக்காக யாரும் மலைமாடு வைத்திருப்பதில்லை, சுரக்கிற பால் கன்றுக்கே சரி. உரத்துக்காக இரவில் மந்தையை வயலில் கிடை போட்டால் வரும் கூலி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் சாணம், விற்கிற கன்று, இவற்றில்தான் வீடு நடக்கிறது.

காட்டுக்குள் மாடு மேய்க்கக் கூடாது என்று 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்புறம் அது சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என்று மாறியது. ஆனால் எங்கள் பக்கத்து மேகமலைக் காடு 2021-லேயே ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டதே. எத்தனையோ வீடுகளில் மாடுகளை விற்றுவிட்டார்கள். படத்துக்குக் கீழே "நம் பாரம்பரியம்" என்று எழுதுகிறீர்கள். மேய்ச்சல் கேட்டு நாங்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றபோது உங்களில் ஒருவரும் கேமராவோடு வரவில்லை.

சரி, அந்தத் தடைக்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. ட்ரோன் அப்படியில்லை, அது உங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து மந்தைக்கு மேலே பறக்கவிடாதீர்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கோயில் மாடுகள் இருக்கும் கம்பம் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு வரும்போதும் இதையேதான் கேட்கிறோம். அங்கே நேர்ந்துவிட்ட இளங்கன்றுகள் இருக்கும், முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

படம் வேண்டுமென்றால் முதலில் ஊருக்குள் வந்து கேளுங்கள். எந்தப் பக்கம் மேய்கிறது, எந்த மாடு சினை, எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று மாட்டுக்காரர்களே சொல்வார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அன்றைக்கு எடுக்காமல் போய்விடுங்கள்.