எங்கே கிடைத்தது என்று கேட்டு வாங்குங்கள்: ரோமானியக் காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாணயச் சேகரிப்பு நண்பர்களே, வணக்கம்.

நம்மில் பலர் இப்போதெல்லாம் சோழர் காசு, பாண்டியர் காசோடு நிறுத்திக்கொள்வதில்லை. இணைய ஏலத்தில் ரோமானியக் காசும் வாங்குகிறோம். நானும் வாங்குகிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்தக் கடிதம்.

என்னிடம் ஒரு செப்புக் காசு இருக்கிறது. அகலம் ஏறக்குறைய இப்போதைய ஒரு ரூபாய் அளவு. தலைப் பக்கத்தில் கதிர் கதிராக நீட்டிய கிரீடம், தாடி, காதுக்குக் கீழே தூண் போல இறங்கும் கழுத்து. மறுபக்கம் ஒலிவக் கிளையைத் தூக்கிப் பிடித்த ஒரு பெண். 'பேரரசரின் அமைதி' என்று பொருள் தரும் லத்தீன் வாசகம். அச்சு சற்று விலகி விழுந்ததால் எழுத்தில் பாதி காசுக்கு வெளியே போய்விட்டது. பள்ளங்களில் பச்சைக் களிம்பு. அந்தப் பெண்ணின் ஆடை மடிப்பில் மட்டும் கொஞ்சம் மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அது எந்த ஊர் மண் என்று விற்றவரிடம் மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: 'பழைய சேகரிப்பிலிருந்து வந்தது.' இந்தப் பதிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாமும் சரி என்று பணத்தைக் கட்டிவிடுகிறோம். இந்தக் காசு விஷயத்தில் அந்த 'சரி' எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்ல, அந்தத் தடித்த கழுத்துக்காரனின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அவன் பெயர் கரௌசியஸ். இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துக் கரையோரம் வாழ்ந்த மெனாபியர் இனத்தவன். மிக எளிய குடியில் பிறந்தவன், இளமையில் கூலிக்குக் கப்பலில் சுக்கான் பிடித்தவன் என்று ரோமானிய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்றைய பிரான்ஸ் பகுதியில் நடந்த ஒரு கிளர்ச்சியை அடக்கியதில் அவனுக்குப் பெயர் கிடைத்தது. பேரரசன் மாக்சிமியன் அவனை அங்கே வடகரையில் உள்ள புலோன் துறைமுகத்தில் கப்பற்படைக்குத் தலைவனாக்கி, கரையைச் சூறையாடிய ஃபிராங்க், சாக்சன் கொள்ளையரை ஒழிக்கச் சொன்னான். அப்புறம் அவன் மேல் புகார் வந்தது. கொள்ளையரை முதலில் கொள்ளையடிக்க விடுகிறான், திரும்பும்போது மடக்கிப் பறிக்கிறான், பறித்ததைப் பறிகொடுத்த மக்களுக்கும் கொடுப்பதில்லை, அரசுக்கும் அனுப்புவதில்லை என்பது புகார். மரண தண்டனைக்கு உத்தரவானது. அவன் பிரிட்டனைக் கைப்பற்றி, தன்னையே பேரரசனாக அறிவித்துக்கொண்டான். இது கி.பி. 286-ஆம் ஆண்டு வாக்கில். பிரிட்டனோடு பிரான்சின் வடகரையிலும் ஒரு பகுதி ஏழு ஆண்டு அவன் கையில் இருந்தது.

அந்தப் புகார் உண்மையா? நமக்கு வந்து சேர்ந்த எழுத்தெல்லாம் ஜெயித்த கட்சிக்காரர்களுடையது. அரசவைப் புகழுரைகள் அவன் பெயரைக்கூடச் சொல்லாமல் 'கடற்கொள்ளைக்காரன்' என்றுதான் ஏசுகின்றன. 289-இல் மாக்சிமியன் முன் பேசிய ஒருவர், புதுக் கப்பற்படை தயாராகிவிட்டது, இனி வெற்றிதான் என்று முழங்கினார். 291-இல் நடந்த அடுத்த உரையில் அந்தப் படையைப் பற்றிப் பேச்சே இல்லை. நடந்ததை அந்த மௌனத்திலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கரௌசியஸின் ஆட்கள் எழுதிய வரலாறு ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

ஒரு மைல்கல்லைத் தவிர, காசு மட்டும்தான் இருக்கிறது. அது எவ்வளவு பேசுகிறது, பாருங்கள். ஒரு காசில், பிரிட்டனையே பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா அவன் கையைப் பிடித்து, 'காத்திருந்தவனே, வா' என்று வரவேற்கிறாள். ரோமானியக் கவிஞன் வெர்ஜிலின் காவியத்தில் வரும் ஒரு வரியின் எதிரொலி அது. அந்தக் காலத்தில் பேரரசில் புழங்கிய 'வெள்ளி'க் காசில் நூற்றுக்கு 5 பங்கு அளவுக்குத்தான் வெள்ளி இருந்தது, மீதி செம்பு. இவனோ ஏறக்குறைய 90 பங்கு நல்ல வெள்ளியில் அச்சடித்தான். மாக்சிமியனோடு சேர்ந்து ஆண்ட மூத்த பேரரசன் டயோக்ளீஷியன் 294 வாக்கில் அப்படி ஒரு காசைக் கொண்டுவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது. படைக்குச் சம்பளம் இந்தக் காசில் கிடைத்தால் படை யார் பக்கம் நிற்கும்?

அந்த வெள்ளிக் காசுகளில் பலவற்றின் கீழ் ஓரத்தில் ஆர், எஸ், ஆர் என்று மூன்று எழுத்து. ஏதோ நிதி அதிகாரியின் பதவிப் பெயர்ச் சுருக்கம் என்றுதான் வெகுகாலம் விளக்கம் சொல்லி வந்தார்கள். அவனுடைய வெண்கலப் பதக்கம் ஒன்றில் வேறு ஆறு எழுத்துகள் இருந்தன; அவற்றுக்கு விளக்கமே இல்லை. 1990-களின் கடைசியில்தான் இரண்டையும் சேர்த்துப் படித்தார் ஒரு பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர். ஆயர் வாழ்வைப் பாடும் வெர்ஜிலின் முல்லைப் பாட்டுகளில் நான்காவதில், அடுத்தடுத்து வரும் இரண்டு வரிகளிலுள்ள சொற்களின் முதலெழுத்துகள் அவை. 'சாட்டர்னின் ஆட்சி திரும்புகிறது. புதிய தலைமுறை வானிலிருந்து இறங்குகிறது.' நமக்குச் சனி என்றால் நடுக்கம். ரோமானியர்களுக்கோ சாட்டர்ன் ஆண்ட காலம்தான் பொற்காலம். சுக்கான் பிடித்தவன் என்று எதிரிகள் இளக்காரம் செய்த ஒருவனுடைய காசில் இந்தப் பாட்டு! உண்மையான ரோமை மீட்க வந்தவன் நான் என்கிறான். இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னொரு காசில் மூன்று முகங்கள் வரிசையாக: டயோக்ளீஷியன், மாக்சிமியன், கரௌசியஸ். 'கரௌசியஸும் அவன் சகோதரர்களும்' என்று வாசகம். அவன் தலையை எடுக்க உத்தரவிட்டவனையே சகோதரன் என்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் மரியாதையாக ஒரு காசுகூட வரவில்லை.

கல்லில் அவன் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைத்திருக்கிறது. 1894-இல் கார்லைல் ஊருக்குப் பக்கத்தில், பெட்டரில் ஆற்றுப் படுகையில் கிடைத்த மைல்கல் அது. அவன் விழுந்த பிறகு வந்தவர்கள் அந்தக் கல்லைத் தலைகீழாகத் திருப்பி நட்டு, மேலே வந்த முனையில் பின்னாளில் பேரரசனான கான்ஸ்டன்டைன் பெயரை வெட்டினார்கள். கரௌசியஸின் பெயர் இருந்த முனை மண்ணுக்குள் போனது, அதனாலேயே தப்பியது. 'மவ்ஸ்' என்று தொடங்கும் ஒரு பெயரும் அவனுக்கு உண்டு என்பது அந்தக் கல்லில் இருக்கிறது. கல்லைப் புரட்டிப் போட்டவர்களே அவனை நமக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

அவன் வீழ்ச்சி சட்டென்று வந்தது. 293 மார்ச்சில் இளைய பேரரசனாக்கப்பட்ட கான்ஸ்டான்டியஸ் நேராகப் புலோனுக்கு வந்தான். மரக்கட்டைகளையும் கற்களையும் போட்டுத் துறைமுக வாயையே அணை கட்டி அடைத்தான். கடலில் வெல்ல முடியாதவனைக் கடலிலிருந்து பிரித்துவிட்டான். நகரம் சரணடைந்தது. அதே ஆண்டில் கரௌசியஸைக் கொன்றது அவனுடைய நிதிப் பொறுப்பைக் கவனித்த அலெக்டஸ். அலெக்டஸ் மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தான். 296-இல் மூடுபனியில் அவன் கப்பல்களின் கண்ணில் படாமல் கரையிறங்கிய படையிடம் தோற்று இறந்தான்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். 2010-இல் இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில், ஃபுரோம் ஊருக்குப் பக்கத்து வயலில், மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு பானையின் வாய் தட்டுப்பட்டது. மருத்துவமனையில் சமையல்காரராக வேலை பார்த்தவர். சில காசுகள் கையில் வந்ததும் அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டார். குழியை மூடிவிட்டுத் தொல்லியலாளர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்து அடுக்கடுக்காக எடுத்தார்கள். 52,503 காசுகள், சுமார் 160 கிலோ. அதில் கரௌசியஸுடையவை 760-க்கும் மேல், அவற்றில் ஐந்து வெள்ளி.

அடுக்கடுக்காக எடுத்ததால் ஒன்று தெரிந்தது. பானையில் மிகவும் பிந்திய காசுகள் கரௌசியஸுடையவை. உண்டியல் போல வருடக்கணக்கில் போட்டு வந்திருந்தால் அவை மேலே இருந்திருக்க வேண்டும். பெரும்பாலானவை பாதிப் பானைக்குக் கீழே கிடந்தன. ஆக, பானையை ஒரே தடவையில் நிரப்பியிருக்கிறார்கள். சேமிப்பு என்ற விளக்கம் ஆட்டம் கண்டது. தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கையாக இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. அந்தச் சமையல்காரர் ஆசையில் இரண்டு கையாலும் அள்ளியிருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது. அவரும் ஏமாறவில்லை. அருங்காட்சியகம் கொடுத்த 3,20,250 பவுண்டை நிலத்துக்காரரும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. 1898-இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தில் உளி வெட்டு இருக்கிறது. கொத்தாகப் பதிவானதால்தான் அது திட்டமிட்டு வெட்டியது என்று சொல்ல முடிகிறது. கரூர் அமராவதி மணலில் சலித்தெடுத்து, ஒவ்வொன்றாகக் கைமாறிப்போன காசுகளின் கதி வேறு. அவற்றில் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசு பெரும்பாலும் புதையல் சட்டத்துக்குள் வராது. விற்பதும் வாங்குவதும் குற்றமில்லை. ஆனால் அங்கே கிடைத்ததைப் பதிவு செய்ய பிரிட்டிஷ் மியூசியத்தின் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பதிவு செய்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிறார்கள்; அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஆகவே நண்பர்களே, பிரிட்டனில் கிடைத்தது என்று சொல்லி விற்கும் காசை வாங்குமுன் அந்த எண்ணைக் கேளுங்கள். எண் இருக்கும் காசுக்கு நூறு, இருநூறு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுங்கள். 'பழைய சேகரிப்பு' என்றால் யாருடையது, எந்த ஆண்டு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகான காசாக இருந்தாலும். நாம் கேட்கக் கேட்கத்தான் விற்பவர்களும் எழுதி வைப்பார்கள்.

இன்னொன்று, காசை எலுமிச்சை, புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். களிம்போடு போகிற மண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஆல்பங்களைக் கொண்டு வாருங்கள். அப்பா வாங்கியது, தாத்தா காலத்தில் வயலில் கிடைத்தது என்று நினைவில் மட்டும் இருப்பதை எல்லாம் உட்கார்ந்து எழுதிவிடுவோம்: ஊர், கிடைத்த இடம், எடுத்தவர், ஆண்டு. நோட்டும் காசு உறைகளும் நான் எடுத்து வருகிறேன். என்னுடைய கரௌசியஸ் காசின் உறையில் 'இடம்' என்ற வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்த மண்ணை நான் துடைக்கவில்லை.

அன்புடன்,
உங்களோடு காசு சேர்க்கும் ஒருவன்